நான்காம் வகுப்பில் விடுபட்ட நான்கு மாதங்கள்

பெற்றோரை இழந்த பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஓர் இல்லத்தில், வாரத்துக்கு மூன்று மாலைகள் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் செல்வது சில ஆண்டுகளாக என் வழக்கம். அங்கே ஏழாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி, சமன்பாடு எளிதாக இருக்கும்வரை மளமளவென்று போட்டுக்கொண்டே வருவாள். எங்காவது ஒரு பின்னம் தலைகாட்டிவிட்டால் போதும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அளவுகோலை எடுத்து, ஏற்கெனவே கோடு போட்டிருக்கும் தாளின் ஓரத்தில் மறுபடியும் கோடு போடத் தொடங்கிவிடுவாள். கோட்டின்மேல் கோடு, அதன்மேல் இன்னொரு கோடு என்று தாள் கிழியும்வரை போட்டதும் உண்டு. அது சோம்பல் என்றுதான் இரண்டு மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றிரண்டு முறை கடிந்துகொண்டும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஒருநாள் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, பின்னம் உனக்கு எந்த வகுப்பில் நடத்தினார்கள் என்று மட்டும் கேட்டேன். “நாலாவதுல அக்கா. ஆனா அப்ப எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க” என்றாள். மீதியைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைத்த நாட்களில் மட்டும் அவள் பள்ளிக்குப் போயிருக்கிறாள். நான்கு மாதங்கள் அப்படியே கழிந்தபின் அம்மா இறந்துபோனார். பாட்டி வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்த பள்ளியில் பின்னங்களை ஏற்கெனவே முடித்துவிட்டுத் தசமத்தில் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் அவளைத் தேர்ச்சி பெறச் செய்து அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பின்னம் தெரியாது என்பதை அறிந்த ஒரே ஆள் அவள்தான், மூன்று ஆண்டுகளாக.

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது, இழப்பு நிகழ்ந்த நாளிலிருந்துதான் நாம் கணக்குத் தொடங்குகிறோம். உண்மையில் பல பிள்ளைகளுக்குப் படிப்பு அதற்கு முன்பே நழுவத் தொடங்கிவிடுகிறது. கென்யாவின் புசியா மாவட்டத்தில் சுமார் 20,000 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, டேவிட் எவன்ஸும் எட்வர்ட் மிகுவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெற்றோர் இறந்தபின் பள்ளி வருகை கணிசமாகக் குறைந்தது; அந்தச் சரிவின் ஒரு சிறிய பகுதி மரணத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. தாயை இழந்தவர்களுக்கும், முன்பே படிப்பில் பின்தங்கியிருந்தவர்களுக்கும் சரிவு அதிகமாக இருந்தது. நீண்ட நோய் என்பது ஒரு வீட்டின் பணத்தையும் நேரத்தையும் மட்டுமல்லாமல், மூத்த பிள்ளையின் பள்ளி நாட்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் எந்தப் பாடம் நடந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் தனியாகக் குறிக்கப்படுவதில்லை. விடுப்பு என்று மட்டும் இருக்கும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, தாய் தந்தையரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகளை யுனிசெஃப் தன் கணக்கில் சேர்க்கிறது. அந்தக் கணக்கின்படி 2015-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 14 கோடிப் பிள்ளைகள் இருந்தனர். அவர்களில் இருவரையும் இழந்தவர்கள் 1.51 கோடிப் பேர். அதாவது மிகப் பெரும்பாலானோருக்கு ஒரு பெற்றோர் உயிரோடு இருக்கிறார். இருவரையும் இழந்தவர்களிலும் பலர் பாட்டியோடோ சித்தியோடோ மாமாவோடோ வாழ்கிறார்கள். இல்லங்களில் இருப்பவர்கள் சிறு பகுதியே. ஆகவே இந்தப் பிள்ளைகளைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. சாதாரண வகுப்பறையின் சாதாரண இருக்கையில்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஆசிரியருக்குத் தெரியாமலே.

‘அனாதை’ என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. வகுப்பறைச் சண்டைகளில் அது வசைச்சொல்லாக வீசப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்ட பிள்ளையின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அச்சொல்லின் பொருளை நினைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. நாதன் இல்லாதவர், காப்பவர் இல்லாதவர் என்பதே அதன் பொருள். தாய் தந்தை என்ற பேச்சே அதில் இல்லை. படிப்பைப் பொறுத்தவரை என் அனுபவமும் அதுதான். பெற்றோரை இழந்தும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம், அவர்களுடைய கதையை முதலிலிருந்து அறிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார். பின்தங்கும் பிள்ளைகளில் பலருக்கு உணவும் உடையும் கட்டணமும் கிடைத்தும்கூட அப்படிப்பட்ட ஒருவர் இல்லை.

ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்சன், ஜோசப் ஏப்லைடிங்கர் ஆகிய மூவரும் சகாராவுக்குத் தெற்கே உள்ள 10 ஆப்பிரிக்க நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2004-இல் எழுதிய கட்டுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். வறுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம்பியிருந்தவர்களை அது நின்று யோசிக்க வைத்தது. ஒரே வீட்டில் வாழும் பிள்ளைகளை ஒப்பிட்டபோதும், பெற்றோரை இழந்தவர்களே பள்ளியில் சேர்க்கப்படும் வாய்ப்புக் குறைவாக இருந்தது. வீட்டுத் தலைவருக்கும் பிள்ளைக்கும் உறவு எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு அந்த வாய்ப்பும் குறைந்தது. வீடு ஒன்றே, அடுப்பு ஒன்றே, வருமானம் ஒன்றே. ஆனாலும் படிப்பு வேறுபடுகிறது.

இதை உறவினர்களின் கொடுமை என்று எளிதாக எழுதிவிடலாம். கொடுமையும் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை கொடுமை என்று சொல்லக்கூடியவை அல்ல. ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நான்காவதாக ஒருவன் வந்து சேர்கிறான். அவனை யாரும் அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. ஆனால் வாசலில் மணி அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறப்பவன் அவன். யாருக்கேனும் உடம்பு சரியில்லை என்றால் பள்ளிக்குப் போகாமல் உடன் இருப்பவன் அவன். பாடப்புத்தகம் தொலைந்தால் அதைச் சொல்லத் தயங்கி, ஆண்டு முழுவதும் பக்கத்து மாணவனின் புத்தகத்தைச் சாய்ந்து பார்த்துப் படிப்பவன் அவன். “கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்போமே” என்று பிறகு அந்த வீட்டார் சொல்வார்கள், அது உண்மையும்கூட. கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவன் நினைக்கவில்லை என்பதே அங்குள்ள சிக்கல். தனக்காகச் செலவாகும் ஒவ்வொரு காசையும் எண்ணிக்கொண்டே வாழும் பிள்ளை, வகுப்பில் சந்தேகம் கேட்கக்கூடக் கை உயர்த்தாது.

தாயை இழப்பதும் தந்தையை இழப்பதும் படிப்பை ஒரே வகையில் பாதிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் பகுதியில் அதே ஆன் கேஸும் காலி ஆர்டிங்டனும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தாயின் மரணம் நேரடியாகவே பிள்ளையின் கல்வியைப் பின்னுக்குத் தள்ளியது தெரிந்தது. தந்தையை இழந்தவர்களின் பின்னடைவோ பெரும்பாலும் அந்தக் குடும்பங்களின் பொருளாதார நிலையோடு பிணைந்திருந்தது. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பல குடும்பங்களில் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நடக்கும் அன்றாடப் பேச்சு தாயின் வழியாகத்தான் நடக்கிறது. நாளை என்ன தேர்வு, எந்த நோட்டு தீர்ந்துவிட்டது, எந்த ஆசிரியரைக் கண்டால் பயம் என்பதையெல்லாம் எழுதி வைக்காமலே நினைவில் வைத்திருந்தவர் இல்லாமல் போகும்போது, அந்த நினைவும் சேர்ந்தே போய்விடுகிறது. தந்தையே அந்தப் பொறுப்பைச் சுமந்த வீடுகளில் கதை வேறாக இருக்கலாம். பொறுப்பு யாருடையது என்பதே முக்கியம்.

துயரம் வகுப்பறையில் எப்படித் தோன்றும் என்பதை ஆசிரியர் பயிற்சியில் இன்னும் விரிவாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். பெரியவர்களின் துக்கம் தொடர்ச்சியாக இருக்கும். குழந்தைகளுடையது விட்டு விட்டு வரும். காலையில் ஓடி விளையாடிய பிள்ளை, மதியம் வாய்பாட்டின் நடுவில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். ஓடியதைப் பார்த்தவர்கள் “மறந்துவிட்டது, சின்னப் பிள்ளைதானே” என்பார்கள். உறைந்ததைப் பார்த்தவர்கள் “கவனம் இல்லை” என்பார்கள். இரண்டும் ஒரே பிள்ளை என்று சேர்த்துப் பார்ப்பவர் குறைவு. தூக்கம் கெடும், படித்த வரியையே மீண்டும் மீண்டும் படிக்கும், நேற்று ஒப்பித்த பாடல் இன்று வராது. மரணம் திரும்பப் பெற முடியாதது என்பது மிகச் சிறு வயதில் புரிவதில்லை என்பதால், நான்கு வயதில் தாயை இழந்த பிள்ளை பத்து வயதில் அந்த இழப்பை முதன்முறையாக முழுதும் உணரக்கூடும். அப்போது மதிப்பெண் திடீரென்று குறைந்தால், ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றோடு அதை யார் இணைத்துப் பார்ப்பார்கள்?

சமூகப் பாதுகாப்பு வலுவாக உள்ள நாடுகளிலும் இந்தப் பாதிப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, சிறுவயதில் பெற்றோரை இழந்தவர்கள் பள்ளி இறுதியில் குறைந்த தரமே பெற்றனர் என்று காட்டியது. குடும்பத்தின் முந்தைய பொருளாதார, உளவியல் நிலைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது அந்த வேறுபாடு பெரிதும் சுருங்கியது, ஆயினும் அற்றுப்போகவில்லை.

இல்லங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கேதான் என் மாலைகள் கழிகின்றன. உளவியல் ஆய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் 1945-இலேயே, உணவும் சுத்தமும் குறையாமல் இருந்தும் கொஞ்சுவதற்கு ஆள் இல்லாத குழந்தைகள் எப்படித் துவண்டுபோகின்றன என்று எழுதினார். பின்னர் ருமேனியாவில், சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர், நிறுவனங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, இரு பிரிவினரின் வளர்ச்சியையும் ஒப்பிட்டனர். 2007-இல் வெளியான முடிவு, குடும்பங்களுக்குச் சென்றவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டதைக் காட்டியது. இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அந்த மேம்பாடு இன்னும் அதிகமாக இருந்தது. கைக்குழந்தைகளைப் பெரிய நிறுவனங்களில் வளர்க்கக் கூடாது என்பதில் அதன்பின் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் வளர்ந்த பிள்ளைகளின் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. கம்போடியா, எத்தியோப்பியா, இந்தியா, கென்யா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்டு நடத்தி, 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இல்லங்களில் வாழ்ந்தவர்கள் வெளியே குடும்பங்களில் வாழ்ந்தவர்களைவிட மோசமான நிலையில் இல்லை என்று தெரியவந்தது. நான் பார்ப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. இல்லத்தில் நேரத்துக்குப் படிப்பு உண்டு, கூடப் படிக்கத் தோழர்கள் உண்டு, வேலை வாங்கும் வீடு இல்லை. இல்லாதது ஒன்றுதான். முறைவைத்து வரும் காப்பாளர்களில் யாருக்கும், இந்தப் பிள்ளை போன ஆண்டு எப்படிப் படித்தது என்று தெரிவதில்லை. காலையில் இருப்பவர் இரவில் இல்லை. போன ஆண்டு இருந்தவர் இந்த ஆண்டு இல்லை. நாற்பது பிள்ளைகளின் வீட்டுப்பாடக் குறிப்பேட்டிலும் ஒரே பேனாவால் ஒரே வேகத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளும் ஒருவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

கையெழுத்து என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. உறவினர் வீட்டில் இருந்துவிட்டுப் பின்னர் இங்கே வந்து சேர்ந்த ஒரு சிறுவன், ஆறாம் வகுப்பில் தன் மதிப்பெண் அட்டையில், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், இறந்துபோன தன் தந்தையின் கையெழுத்தைப் போட்டிருந்தான். பழைய வங்கிப் புத்தகம் ஒன்றில் இருந்ததைப் பார்த்து, முதல் எழுத்தின் வளைவும் கடைசியில் இழுத்து விடும் கோடும் அச்சாக வரும்வரை பழகியிருக்கிறான். பள்ளியில் அதைத் திருட்டுக் கையெழுத்து என்று சொல்லி, பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்தார்கள். “அது எங்கப்பா கையெழுத்துதான் மிஸ்” என்று மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னானாம். அந்த அட்டையை எனக்குக் காட்டினான். மதிப்பெண்கள் மோசமில்லை, மறைப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. அன்று மாலை நானும் அவனும் கணக்குப் போடவில்லை. அந்தக் கையெழுத்தை எப்படிப் போடுவது என்று அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அந்த அட்டையில் ‘பெற்றோர்’ என்பதற்குப் பதிலாக ‘பொறுப்பாளர்’ என்று அச்சடிக்க ஒரு சொல்லை மாற்றினால் போதும். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பாதுகாவலர் உறுதிமொழி என்று பள்ளி கேட்கும் காகிதங்களில் ஒவ்வொன்றும், இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஊரில், ஒவ்வொரு பெட்டியில் கிடக்கிறது. ஒரு காகிதம் வந்து சேர்வதற்குள் ஒரு பருவமே போய்விடுகிறது.

ஆசிரியர்கள் செய்யும் தவறுகளில் கடுமையைவிட இரக்கமே எனக்கு அதிகக் கவலை தருகிறது. இதைச் சொன்னால் சிலர் வருந்துகிறார்கள். “பாவம், அம்மா இல்லாத பிள்ளை” என்று சொல்லி, வகுப்பில் கேள்வி கேட்காமல் விட்டு, வீட்டுப்பாடம் செய்யாததைக் கண்டுகொள்ளாமல் விட்டு, தேர்ச்சி மதிப்பெண்ணையும் போட்டு அனுப்பிவிடும் ஆசிரியரின் மனத்தில் நல்லெண்ணமே இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் செய்தி வேறு: உன்னிடமிருந்து நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. பின்னம் தெரியாத அந்தச் சிறுமியை மூன்று ஆண்டுகள் தள்ளிக்கொண்டு வந்தது அந்த இரக்கம்தான். யாரேனும் ஒருவர் இரக்கப்படாமல் அவளைக் கரும்பலகைக்கு அழைத்திருந்தால், ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கும்.

உலக அளவிலும் நாம் இதேபோன்ற ஓர் அளவுகோலைத்தான் வைத்திருந்தோம். ஐ.நா.வின் புத்தாயிரமாண்டு வளர்ச்சி இலக்குகளில், 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் பெற்றோரை இழந்தவர்களின் பள்ளி வருகையை மற்றவர்களின் வருகையோடு ஒப்பிடும் விகிதம் ஒரு குறியீடாகவே இருந்தது. அது நல்ல குறியீடுதான். அதனால் பல நாடுகளின் கவனம் இப்பிள்ளைகள் மீது திரும்பியது. ஆனால் வருகைப் பதிவேட்டில் விழும் குறி, பிள்ளை இருக்கையில் இருந்ததைச் சொல்லுமே தவிர, பாடத்தில் இருந்ததைச் சொல்லாது. கொரோனா காலத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகியிருக்க வேண்டும் என்றே அஞ்சுகிறேன். 2020 மார்ச் முதல் 2021 ஏப்ரல் வரையிலான 14 மாதங்களில் மட்டும், பெற்றோரையோ தம்மோடு வாழ்ந்து தம்மைப் பேணிய தாத்தா பாட்டியையோ இழந்த பிள்ளைகள் 15 லட்சத்துக்கும் மேல் என்று லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதே மாதங்களில் பல நாடுகளில் பள்ளிகளும் மூடியிருந்தன. இழப்பும் பாடத்தின் இடைவெளியும் ஒரே நாளில் தொடங்கிய பிள்ளைகள் அவர்கள். எது எதனால் வந்தது என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

உதவி எந்த வடிவில் வந்தால் பலன் தரும் என்பதற்கு ஜிம்பாப்வேயில் நடந்த ஒரு சோதனையை எப்போதும் சுட்டுவேன். பெற்றோரை இழந்த வளரிளம் பெண்களுக்குக் கட்டணமும் சீருடையும் கொடுத்ததோடு நிற்காமல், பள்ளிக்குள்ளேயே ஓர் ஆசிரியையை அவர்களுக்குத் துணையாக நியமித்தார்கள். வராத நாட்களைக் குறித்துக்கொள்வதும், ஏன் வரவில்லை என்று விசாரித்து அதைச் சரிசெய்வதுமே அவருடைய வேலை. 2011-இல் வெளியான முடிவின்படி, அப்பெண்களில் படிப்பை நிறுத்தியவர்களும் இளவயதில் மணமானவர்களும் மிகவும் குறைந்துபோயினர். கட்டணம் இல்லாமல் அந்த ஆசிரியை மட்டும் இருந்திருந்தால் போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்வேன். ஆனால் கட்டணம் கிடைத்தும் இப்படி ஒருவர் இல்லாத இடங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு கவலை சேர்கிறது. பதினெட்டு வயதானபின் எங்கே தங்குவது என்ற கேள்வி தேர்வுக்கு முன்பே வந்து நிற்கும். பராமரிப்பை விட்டு வெளியேறும் இளைஞர்களுக்குத் தொடர்ந்து ஆதரவு வேண்டும் என்று, ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அது தனியாக எழுத வேண்டிய பொருள்.

எங்கள் இல்லத்தில் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மதிப்பெண் அதில் இல்லை. எந்த வகுப்பில், எந்த மாதங்களில் பள்ளி விடுபட்டது, அப்போது நடந்த பாடங்கள் எவை, அவற்றில் எதைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாயிற்று, எது இன்னும் மிச்சம் என்று பிள்ளையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். எந்த ஆசிரியரிடம் பயமில்லாமல் கேட்கும், எந்தத் தேதி நெருங்கினால் படிப்பு ஓடாது என்பதும் அதில் உண்டு. பிள்ளை வேண்டாம் என்று சொன்னதை எழுதுவதில்லை. காப்பாளர் மாறினாலும் நோட்டு மாறாது. அந்தச் சிறுமியின் நோட்டில் பின்னங்களுக்கு மட்டும் ஒன்பது பக்கங்கள் ஆயின. ஒரு காகிதத்தை நான்காக மடித்து, எட்டாக மடித்து, நான்காம் வகுப்புப் புத்தகத்தின் முதல் கணக்கிலிருந்து தொடங்கினோம். ஏழாம் வகுப்புப் பெண் நான்காம் வகுப்புப் புத்தகத்தை மற்றவர்கள் முன்னால் விரிக்க வெட்கப்பட்டதால், அதற்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டுக் கொடுத்தேன்.

சென்ற ஆண்டு அவளையும் தம்பியையும் அவர்களுடைய சித்தி தம் ஊருக்கு அழைத்துச் சென்றார். நோட்டையும் கொடுத்தனுப்பினோம், புதிய பள்ளியில் யாரேனும் பார்ப்பார்கள் என்று பெரிதாக எதிர்பார்க்காமல். மூன்று வாரங்கள் கழித்து அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். நோட்டின் பதினோராம் பக்கத்தில் “வகுத்தல் – பாதி” என்று எழுதியிருக்கிறதே, பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதில் பாதி வரை வந்திருக்கிறாள் என்று அர்த்தமா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்டார். ஆமாம், தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்பது தெரியும், ஏன் என்பது இன்னும் புரியவில்லை, அதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்றேன். சரி, திங்கட்கிழமை அங்கிருந்து தொடங்குகிறேன் என்றார்.